முதல் கேள்வி

ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஜப்பானிலிருந்து போன் வருகிறதென்றால், அங்கே அப்போது மணி ஒன்று. அந்த நேரத்தில் ஒரு பெண் அம்மாவை விட்டுவிட்டு சித்திக்குப் போன் செய்கிறாள் என்றால், விஷயம் சாதாரணமாக இருக்காது.

"சித்தி, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. என்ன இந்த நேரத்துல?"

"அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினேன். அக்கா மகள். டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஆராய்ச்சி மாணவி. முந்தின நாள் இரவு ஆணுறை கிழிந்துவிட்டதாம். பகல் முழுக்க மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்திருக்கிறாள். அவசரக் கருத்தடை மாத்திரை என்று எழுதிக் காட்டினால், எல்லா இடத்திலும் ஒரே பதில்: டாக்டர் சீட்டு வேண்டும். டாக்டரைப் பார்க்கலாம் என்றால் கிளினிக்குகள் பூட்டியிருந்தன. 2019 மே மாதத் தொடக்கம் அது. ஜப்பானில் புது மன்னர் பட்டமேற்ற சமயம். வழக்கமாக வருகிற 'கோல்டன் வீக்' விடுமுறை அந்த வருஷம் பத்து நாளாக நீண்டிருந்தது.

"நம்ம ஊர்ல அந்த மாத்திரைக்கு என்ன பேரு சித்தி? டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லிக் கேக்கணும்?"

அவள் கேட்டது இவ்வளவுதான். நான் பதிலுக்கு என்ன கேட்டேன் தெரியுமா?

"யாரு அவன்?"

கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நான் மாத்திரை பேரைக் கேக்கறேன். நீங்க ஆள் பேரைக் கேக்கறீங்க."

பெண் உரிமை, சமத்துவம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறவள் நான். அன்றைக்குத்தான் எனக்கு என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தது. (அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க சித்தி, பேர் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.)

முதலில் அந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படித்தவர்களிடையே கூட இதைப் பற்றிக் குழப்பம் இருக்கிறது. அதில் பரவலாக உள்ளது லீவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மருந்து, 1.5 மில்லிகிராம். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். சீக்கிரம் சாப்பிடச் சாப்பிடப் பலன் அதிகம். ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கக் கூடியது. இந்த மாத்திரை முக்கியமாகச் செய்கிற வேலை, கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுவது. முட்டை ஏற்கெனவே வெளியே வந்துவிட்டிருந்தால் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. உருவாகி ஒட்டிக்கொண்ட கருவை இது கலைக்காது. கருக்கலைப்பு மாத்திரை வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

ஆக, இந்த மாத்திரையின் போட்டி கடிகாரத்தோடு. 'நாளைக்கு வாங்க' என்று சொல்வதும் 'கிடையாது' என்று சொல்வதும் சில சமயம் ஒன்றாகிவிடுகிற மருந்து இது. ஒரு ரேஷன் கார்டைத் தாமதமாகக் கொடுத்தால் எரிச்சல் வரும், ஆனாலும் கார்டு கைக்கு வந்துவிடும். இதைத் தாமதமாகக் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம்.

மறுநாள் காலை நான் ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணினேன். கூரியரில் அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் 72 மணி நேரமும் போய்விடும் என்று தெரிந்தும், மாத்திரை வாங்கக் கிளம்பினேன். குற்ற உணர்ச்சி மனுஷியை எதையாவது செய்ய வைக்கும். எங்கள் ஏரியாவில் மூன்று மருந்துக் கடைகளில் கேட்டேன். "அதெல்லாம் வெக்கிறதில்ல மேடம்." தலை நரைத்த என்னையே கடைப் பையன் ஏற இறங்கப் பார்த்தான். இருபது வயசுப் பெண்ணாக இருந்தால் எப்படிப் பார்த்திருப்பான்!

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் 2005-லிருந்தே இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம். தமிழ்நாட்டிலும் சட்டப்படி தடை இல்லை. ஆனாலும் பல கடைகளில் வைப்பதில்லை. அன்று மதியம் பெங்களூரில் இருக்கும் சிநேகிதியிடம் கேட்டேன். தெருமுனைக் கடையில் அஞ்சே நிமிஷத்தில் வாங்கிவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. என் அக்கா மகள் ஜப்பானில் இருப்பதால் கஷ்டப்படுகிறாள் என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் அவள் சென்னையில் இருந்திருந்தாலும் வெளியூர்க்காரிதான்.

சரி, தர்ம நியாயத்துக்கு வருவோம். ஓசூரில் எல்லையைத் தாண்டினால் ஒரு மாத்திரையின் பாவ புண்ணியம் மாறிவிடுமா?

மாறும் என்றுதான் உலகம் நடந்துகொள்கிறது. அயர்லாந்தில் ஒரு காலத்தில் கருத்தடைச் சாதனங்களை விற்பதும் வெளியிலிருந்து கொண்டுவருவதும் குற்றம். பக்கத்திலேயே, பிரிட்டனின் ஆட்சியில் இருந்த வட அயர்லாந்தில் குற்றமில்லை. 1971 மே 22-ஆம் தேதி டப்ளினிலிருந்து ஒரு பெண்கள் கூட்டம் ரயிலேறி பெல்ஃபாஸ்ட் போனது. ஆணுறைகளையும் மற்றவற்றையும் வாங்கினார்கள். கருத்தடை மாத்திரைக்கு மட்டும் அங்கேயும் டாக்டர் சீட்டு கேட்டார்கள். என்ன செய்வது? ஆஸ்பிரின் மாத்திரையை வாங்கிக்கொண்டார்கள்! திரும்பி வந்து டப்ளின் ஸ்டேஷனில் சுங்க அதிகாரிகள் முன்னால் உயர்த்திக் காட்டினார்கள். எது கருத்தடை மாத்திரை, எது தலைவலி மாத்திரை என்று அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டார்கள்.

ஒரே ரயில், ஒரே பெண்கள், ஒரே பை. ஏறின ஊரில் சாமான், இறங்கின ஊரில் குற்றம். ஒரு விஷயம் உண்மையிலேயே தப்பு என்றால் அது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறக் கூடாது இல்லையா? கொலை எந்த ஊரிலும் கொலைதான். ஸ்டேஷன் மாறினால் மாறுகிற தப்பை, ஊர் வழக்கம் என்று சொல்லலாம். ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டியதுதான். ஜப்பானில் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிறோம், அது மரியாதை. ஆனால் அந்த வழக்கத்துக்கான விலையை ஒரு பெண்ணின் உடம்பும் அவளுடைய எதிர்காலமும் கொடுக்க வேண்டும் என்றால், வெறும் வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காரணம் சொல்லியாக வேண்டும்.

ஜப்பான் சொன்ன காரணங்களைப் பாருங்கள். குறைந்த அளவு ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரைக்கு அந்த நாடு 1999-ல்தான் அனுமதி கொடுத்தது. ஒழுக்கம் கெட்டுவிடும், நோய் பரவும் என்றெல்லாம் சொல்லிக் கிட்டத்தட்ட பத்து வருஷம் இழுத்தடித்தார்கள். அதே 1999-ல் ஆண்களுக்கான வயாகராவுக்கு ஆறே மாதத்தில் அனுமதி கிடைத்தது. அதனால் ஒழுக்கம் கெடும் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை!

இப்போது என் பக்கத்து வீட்டு மாமி கேட்பார்: "எல்லாம் சரி. ஈஸியா கிடைச்சா பசங்களுக்குப் பயம் விட்டுப் போயிடாதா?"

இந்தக் கேள்வியைக் கிண்டல் பண்ணி ஒதுக்க மாட்டேன். பெற்றவர்களின் பயம் நிஜம். 'மாத்திரை இருக்குல்ல' என்று பொறுப்பைப் பெண் தலையில் கட்டிவிட்டுப் போகிற ஆண்களும் நிஜம். ஆனால் பயத்தால் காப்பாற்றுகிற ஒழுக்கம், மாட்டிக்கொள்ளாதவரை எதையும் செய்யும். மேலும் அந்தப் பயம் யாருக்கு? என் அக்கா மகளோடு அந்தப் பையனும் போனானாம். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேள்வி எல்லாம் அவளுக்குத்தான். தண்டனையாக ஒரு கர்ப்பம் வேண்டும் என்று நினைத்தால், அந்தத் தண்டனை இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும்தான் கிடைக்கும். கூடவே இன்னொரு உயிருக்கும். பிறக்கப் போகிற குழந்தையை அம்மாவுக்கான தண்டனையாக நினைப்பதைவிடப் பெரிய ஒழுக்கக் கேடு உண்டா?

மருந்துக் கடைக்காரருக்கும் மனசாட்சி உண்டே, அதற்கு மதிப்பில்லையா? உண்டு. எனக்கு இது பிடிக்கவில்லை, நான் விற்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரை வம்புக்கு இழுக்க மாட்டேன். ஆனால் என் மனசாட்சிக்கான செலவை நான்தான் ஏற்க வேண்டும். ஏகாதசி விரதம் இருக்கிறவர் தான் பட்டினி கிடக்கலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பட்டினி போடக் கூடாது. 'நான் தர மாட்டேன், அடுத்த தெருவில் கிடைக்கும்' என்று வழி சொல்கிற மனசாட்சி ஒரு ரகம். ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தை ஓட விடுகிற மனசாட்சி இன்னொரு ரகம். முதலாவதற்கு ஒரு கும்பிடு போடுவேன்.

அப்படியானால் எந்தக் கேள்வியுமே கேட்கக் கூடாதா? அவள் டாக்டரிடம் போன கதையைக் கேளுங்கள். விடுமுறை நாட்களில் முறைவைத்துத் திறந்திருக்கும் கிளினிக்குகள் ஜப்பானில் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து ரயில் மாறி மாறிப் போயிருக்கிறாள். கருத்தடைக்கு அங்கே அரசு இன்ஷூரன்ஸ் கிடையாது. 15,000 யென் ஆயிற்று. அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். வயதான பெண் டாக்டர். எப்போது நடந்தது, கடைசி மாதவிலக்கு எப்போது, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறாயா, யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டாராம்.

நாலு கேள்வி. நாலும் தேவையான கேள்வி. வலிப்பு, காசநோய் மருந்துகளில் சில இந்த மாத்திரையின் பலனைக் குறைக்கும். கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால் வேறு உதவியும் வேண்டியிருக்கும். இங்கேதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. பதிலைப் பொறுத்து நாம் செய்கிற உதவி மாறும் என்றால் அது அக்கறையின் கேள்வி. மாறாது என்றால் அது திண்ணைக் கேள்வி. 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்பதற்கு எந்தப் பதில் சொன்னாலும் கொடுக்க வேண்டிய மாத்திரை ஒன்றுதான். அமெரிக்காவில்கூடத் தம்பதிகள் கருத்தடையைப் பயன்படுத்தும் உரிமையை அவர்களின் உச்ச நீதிமன்றம் 1965-ல் ஒப்புக்கொண்டது. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அதே உரிமை உண்டு என்று சொல்ல 1972 வரை ஆயிற்று. திண்ணை எல்லா ஊரிலும் இருக்கிறது.

என் 'யாரு அவன்?' கூடத் திண்ணைக் கேள்விதான். அவளுக்குக் கல்யாணமாகியிருந்தால் 'அடடா, பாவமே' என்றிருப்பேன். கிழிந்த ஆணுறை ஒன்றுதான், போய்க்கொண்டிருந்த நேரம் ஒன்றுதான், என் பரிவு மட்டும் தாலியைப் பார்த்து வேலை செய்திருக்கிறது.

ஜப்பானும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2023 நவம்பரில் 145 மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் விற்றுச் சோதித்துப் பார்த்தார்கள். 2025 அக்டோபரில் நாடு முழுவதற்கும் அரசு அனுமதி கொடுத்தது. வயது வரம்பு இல்லை, பெற்றோர் சம்மதமும் தேவையில்லை. ஆனால் மருந்தாளுநர் கண்முன்னாலேயே விழுங்க வேண்டும். பாதித் திண்ணை போயிருக்கிறது, பாதி மிச்சம் இருக்கிறது.

வெளிநாடு போகும் பெண்ணுக்கு ஊறுகாய், பருப்புப் பொடி, ஜுர மாத்திரை எல்லாம் கட்டிக் கொடுக்கிறோம். கூடவே இதையும் சொல்லிக் கொடுக்கலாம். மாத்திரையின் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மருந்தின் பெயர் மாறாது. அதை எழுதி வைத்துக்கொள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு எடுத்துக்கொள். எத்தனை நாளைக்கு மருந்து கொண்டுபோகலாம் என்று அந்த நாட்டு விதியைப் பார். ஜப்பானில் சீட்டு மருந்து ஒரு மாதத்துக்குத்தான். லக்னோ விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வாராந்திர மாத்திரை 'சஹேலி'யை நம்பியிருந்தால், வெளிநாட்டு டாக்டர்கள் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாற்று என்ன என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள். அவசர மாத்திரை அவசரத்துக்குத்தான், தினசரிக்கு அல்ல. அது நோயையும் தடுக்காது. சாப்பிட்ட பிறகு மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பரிசோதனை செய்துகொள்.

இத்தனையும் சொல்ல வாய் வரவில்லை என்றால் பரவாயில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு ராத்திரி உங்கள் வீட்டுப் பெண் எங்கிருந்தோ நடுங்கும் குரலில் கூப்பிட்டால், முதல் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்.

"எத்தனை மணி நேரம் ஆச்சு கண்ணு?"

மற்றதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் கேள்விகளுக்கு எழுபத்திரண்டு மணி நேரக் கெடு எதுவும் இல்லை.