கார்னர் கொடி அருகே

பெரிய ஆட்டத்தை வெல்வது வியூகமா, வீரனின் காலா? பழனி மலையில் மூடுபனி இறங்கும் மாலையில், கொடைக்கானல் டீக்கடை பெஞ்சிலும் இந்தக் கேள்வி ஆறுவதில்லை; டீதான் ஆறிப்போகிறது.

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதிப்போட்டி; பெங்களூருவும் சென்னையும் மோதின. லீக் சுற்றில் சென்னையின் எஃப்.சி.யைவிட 8 புள்ளிகள் கூடுதலாக எடுத்து முதலிடம் பிடித்த அணி பெங்களூரு. 9ஆவது நிமிடத்திலேயே பெங்களூருவின் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி கோல் போட்டார். ஆள் பலம் முந்திக்கொண்டது.

பிறகு சென்னைக்கு இரண்டு கார்னர்கள்.

இரண்டையும் அடித்தவர் கிரெகரி நெல்சன். இரண்டையும் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பியவர் மெய்ல்சன் ஆல்வெஸ். பந்து எங்கே விழ வேண்டும் என்று வியூகம் குறித்துத் தரும். அந்த இடத்தில் எதிராளியைவிட ஒரு சாண் உயரமாக எம்புவதற்கு வீரன்தான் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மற்றது வெறும் கரும்பலகைக் கோடு, அல்லது வீணாய்ப்போன துள்ளல்.

சென்னை 3-2 என வென்றது. அன்று கோப்பையோடு நின்றவர்களில் பயிற்சியாளர் ஜான் கிரெகரியும் இருந்தார், நடுக்களத்தில் ஓடிக் களைத்த வியாசர்பாடி தனபால் கணேஷும் இருந்தார்.