கட்டியவன் கடமை

கட்டடத்தின் கதவைத் திறந்துவிட்டால் கட்டியவன் கடமை தீர்ந்துவிடுமா?

டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளிவாசலைப் பாருங்கள். ஷெய்கு அப்துல் கபூர் அவர்கள் முதலில் பக்கத்து நிலத்தில் கடைகளையும் வீடுகளையும் எழுப்பினார். 1907-ல் தொடங்கிய பள்ளிவாசல் வேலைக்கு அவற்றின் வருமானம் உதவிற்று. 1979-ல் தேசிய நினைவுச் சின்னமான அக்கட்டடத்துக்கும் பெரிய மராமத்து தேவைப்பட்டது. அது 2003-ல் முடிந்தது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் முதுமை உண்டு.

திறப்பு விழாவுக்கு வாரி வழங்குவோர் பலர். ஒழுகும் கூரைக்குக் கொடுப்போர் எத்தனை பேர்? முதல் போடும் வியாபாரி தேய்மானத்துக்கும் ஒதுக்குகிறான். கட்டடத்துக்கும் அதுவே நியாயம். வரைபடம் போடும் நாளிலேயே மராமத்துக்கான வழியையும் வருவாயையும் வகுத்திடுவோம். இல்லையேல், நாம் விட்டுச் செல்வது தர்மமல்ல. பிள்ளைகள் தலையில் கடன்.