இலை தானே எழுதும் படம்

தை பிறந்தால் போதும், பெங்களூரில் டபேபுயா பூக்கத் தொடங்கிவிடும். இலையெல்லாம் உதிர்ந்து கிளை முழுக்க இளஞ்சிவப்பு. அந்த நாட்களில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஃபோனைத் தூக்காதவர்கள் குறைவு. மரத்தின் மேல் இந்த ஊருக்கு இருக்கும் பாசம் பொய்யில்லை. 2016-ல் ஹெப்பாள் இரும்பு மேம்பாலத்துக்காக 812 மரங்களை வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். அடுத்த மார்ச்சில் அரசு அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

அப்படியிருந்தும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பூவை இத்தனை பேர் படம் எடுக்கிறார்கள். பூ கொட்டியபின் துளிர்க்கும் இலை ஒரே காம்பில் ஐந்தைந்தாக விரிந்திருக்கும் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? சித்திரை வந்துவிட்டால் அது வெறும் பச்சை மரம், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நாம் நேசிப்பது மரத்தையா, அது தரும் காட்சியையா?

கேமராவே இல்லாத ஒரு பழைய புகைப்பட முறைதான் எனக்குள் இந்தக் கேள்வியைக் கிளப்பியது. சயனோடைப் என்று பெயர். 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானியல் அறிஞர் கண்டுபிடித்தார். இரும்பு கலந்த இரண்டு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஓர் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடத்தில் மருந்து கரைந்துபோய் வெள்ளை நிற்கும். அவ்வளவுதான். கட்டட இன்ஜினியர்கள் வெகுகாலம் புழங்கிய புளூபிரிண்டும் இதே வித்தைதான். மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் படமாக்கிப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களோடு வந்த முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்வார்கள். அதை முடிக்க 1853 வரை ஆயிற்று. ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு தாளையும் கையால் பூசி, வெயில் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது.

மொட்டைமாடியில் உதிர்ந்த புங்க இலைகளை வைத்து நானும் செய்து பார்க்கிறேன். பூச்சி தின்ற ஓட்டைகள் ஒன்று விடாமல் நீலப் புள்ளிகளாக விழுகின்றன. இலை தாளோடு ஒட்டிக் கிடந்த இடத்தில் விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல் கூர்மை; சற்றே சுருண்டு தூக்கி நின்ற இடத்தில் மங்கல். இலையின் அளவு என்னவோ அதுதான் படத்தின் அளவும். ஃபோனில் எடுக்கும்போது மாசில்லாத இலையாகத் தேடுவோம், கிட்டப் போவோம், தள்ளி நிற்போம், வேண்டாததை வெட்டிவிடுவோம். இங்கே அதற்கெல்லாம் வழியில்லை. இலை வந்து தாளைத் தொட்டால்தான் படம். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும்.

கேமராவுக்கும் மரத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரு பிணக்கு உண்டு. 1850-களில் பெங்களூரில் இருந்துகொண்டு பணியாற்றிய லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, பேலூர், ஹளேபீடு கோயில்களையும் பின்னர் மதுரை, தஞ்சைக் கோயில்களையும் படம் எடுத்தவர். கல் அசையாமல் நின்றது, துல்லியமாக வந்தது. காற்றில் ஆடும் இலையும் நகரும் மேகமும் அன்றைய நெகட்டிவில் சரியாகப் பதியவில்லை. ஆகவே நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி இலைத்திரளையும் மேகங்களையும் கையால் சேர்த்தார். அந்தப் படங்களின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அவற்றில் மரம் கோயிலுக்குப் பின்னணி. மாறாக, 1857-ல் சென்னையில் ஹென்றி ஸ்மித் என்பவர் வெளியிட்ட நூலில் செடிகளையே அச்சாக வைத்துப் படங்கள் எடுக்கப்பட்டன. அங்கே செடிதான் எல்லாம்.

கேமரா இல்லாமல் இலையே படமாகும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆந்தோடைப். பூ, கீரை, மஞ்சள் இவற்றின் சாறே அதில் மருந்து. வெயில் அந்தச் சாயத்தை வெளுக்கும், இலை மறைத்த இடத்தில் நிறம் தங்கும். வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டுப் போக்கிய எந்த வீட்டுக்கும் இதன் அறிவியல் தெரியும். இந்தப் படத்தை முழுதாக நிலைநிறுத்த வழியில்லை. சுவரில் மாட்டினால் படத்தை எழுதிய வெளிச்சமே மெல்ல அழித்துவிடும். பலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது. உதிரும் ஒன்றை என்றைக்கும் நம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கு இதில் இடமில்லை.

பள்ளிக்கூடங்களில் இலைகளின் பெயரை மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தில் பாதியை இப்படி இலைப்படம் எடுக்கக் கொடுத்தால் போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நீங்களே செய்யலாம். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டித் தாளில் பூசுங்கள், நிழலில் உலர்த்துங்கள். தெருவில் உதிர்ந்த இலை ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துச் சில மணி நேரம் வெயில் காட்டுங்கள். பிறகு வெங்காரம் கரைத்த தண்ணீரில் நனைத்தால் இலையின் வடிவம் சிவந்து தெளியும். அது எந்த மரத்து இலை என்று பிள்ளை கேட்டால், பெயர் தெரியாவிட்டாலும், கையைப் பிடித்து அந்த மரத்தடிக்கு அழைத்துப் போங்கள்.