கப்பலிலே பிறந்த தலைமுறை

நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது விரும்பிப் படிக்கும் நூல்களில் விண்கலக் கதைகளுக்குத் தனி இடமுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வருபவை. பதினாறு, பதினேழு வயதினரையே தலைவனாகவும் தலைவியாகவும் கொண்டவை. கொலையும் சதியும் துப்பறிதலும் நிறைந்தவை. பெற்றோராகிய நாம் அவற்றைக் கண்டு முகம் சுளிக்கிறோம். பாடப்புத்தகத்தை எடு என்கிறோம். ஆயினும் அக்கதைகளுக்குள் ஓர் அறவினா ஒளிந்திருக்கிறது. ஒரு தலைமுறை தான் விரும்பி மேற்கொண்ட பயணத்தில் இன்னும் பிறவாத தலைமுறையையும் ஏற்றிவிடலாமா? ஏற்றியபின் அவர்களுக்கு அது பட்ட கடன் யாது? கடல் கடந்து குடியேறிய நமக்கு இவ்வினா அயலானதன்று.

இத்தகைய பயணம் ஏன் தலைமுறைக் கணக்கில் நீள்கிறது என்பதை முதலில் அறிவோம். நம் கதிரவனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அங்கிருந்து புறப்படும் ஒளி நம்மை வந்தடையவே நான்கேகால் ஆண்டு ஆகிறது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தொலைவைக் கடக்கச் சுமார் 75,000 ஆண்டுகள் வேண்டும். அதனினும் நூறு மடங்கு விரைந்தாலும் 750 ஆண்டுகள். அஃதாவது முப்பது தலைமுறைகள். புறப்படுகிறவர் போய்ச் சேர்வதில்லை, சேர்கிறவர் புறப்பட்டவரல்லர். நடுவில் உள்ளோர் கப்பலிலே பிறந்து கப்பலிலேயே மடிவர்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1941இல் எழுதிய 'யூனிவர்ஸ்' என்னும் கதை இந்த நடுத்தலைமுறையைப் பற்றியது. அதிலுள்ள மாந்தர் தாம் கப்பலில் இருப்பதையே மறந்துபோனார்கள். கப்பலே உலகம், பயணம் என்பது முன்னோர் சொன்ன உருவகம் என்று நம்புகிறார்கள். ஓர் இளைஞன் வெளியிலுள்ள விண்மீன்களைக் கண்ணால் கண்டு வந்து உண்மையைச் சொல்கிறான். அதற்காக அவன் படும் துன்பம் பெரிது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2011இல், பெத் ரெவிஸ் இளையோருக்காக எழுதிய 'அக்ராஸ் தி யுனிவர்ஸ்' நாவலும் இவ்வினாவையே வேறு விதமாகக் கேட்கிறது. எமி என்னும் பெண் பெற்றோருடன் உறைநிலையில் வைக்கப்பட்டு அப்பயணத்திற் செல்கிறாள். புறப்படுமுன் அவள் தந்தை, "நீ வராமல் இங்கேயே தங்குவதானாலும் தங்கலாம்" என்று முடிவை மகளிடமே விடுகிறார். கப்பலிலே பிறந்த எல்டர் என்னும் இளைஞனுக்கோ அத்தகைய வாய்ப்பே கிட்டவில்லை. அது மட்டுமா? கப்பலின் முதுதலைவன் மக்களுக்குப் பொய்யான வரலாற்றைக் கற்பிக்கிறான். அவர்கள் வினா எழுப்பாதிருக்கக் குடிநீரில் மருந்து கலக்கிறான். கேட்டால், அமைதிக்காகவே இவ்வாறு செய்தோம் என்கிறான். 2012இல் வந்த அடுத்த பாகத்தில், கப்பல் போகவேண்டிய இடத்தை எப்போதோ அடைந்துவிட்டது என்பதே தெரியவருகிறது!

தமிழிலும் இவ்வுணர்வு புதிதன்று. 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரில் விண்கலம் இல்லை. எனினும் ஒரு நாடே வெறும் ஒளிப்பிம்பத்தைத் தலைவனென்று நம்பி ஏமாற்றப்படுகிறது. இளம்பெண் நிலாவும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் உண்மையைத் தேடிச் செல்கின்றனர். இளையோர் இக்கதைகளை ஏன் விரும்புகின்றனர் என்பதும் இங்கே விளங்குகிறது. பெரியவர்கள் தம்மிடம் எதையோ மறைக்கிறார்கள் என்னும் ஐயம் அவ்வயதுக்கு இயல்பு.

இனி, "பிறப்பென்பதே கேளாமல் நிகழ்வதுதானே, கப்பலில் பிறந்தாலென்ன, கழனியில் பிறந்தாலென்ன?" என்று சிலர் வினவலாம். நல்ல வினாவே. ஆனால் கழனியில் பிறந்தவன் வேண்டாமென்றால் வரப்பைத் தாண்டிப் போகலாம். கப்பலில் பிறந்தவனுக்குப் போக வழியில்லை. அவ்வழியை அடைத்தவர்கள் அவன் முன்னோர்கள். சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் ஏறத்தாழ எட்டு நாள் பயணமாக விண்வெளி நிலையம் சென்று, 286 நாள்கள் கழித்து 2025 மார்ச்சில் திரும்பினார். அது கடினமான காத்திருப்பு. எனினும் அறிந்து, விரும்பி ஏறியவர் அவர். அவர் பொறுமைக்குப் பெயர் வீரம். அறியாமலே அடைபட்டவனிடம் அதே பொறுமையை எதிர்பார்ப்பது அறமாகாது.

இத்தீவுகளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1858 மார்ச் 10ஆம் நாள் 'செமிராமிஸ்' என்னும் கப்பல் 200 கைதிகளை இங்குக் கொணர்ந்தது. பிற்காலத்தில் நன்னடத்தை காட்டிய கைதிகள் மணம் புரிந்து குடும்பமாக வாழ அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் வழிவந்தோரை இன்றும் 'லோக்கல் பார்ன்' என்கிறோம். குற்றம் செய்தவர் ஒருவர். தீர்ப்பு அளித்தவர் வேறொருவர். தீவில் பிறந்த குழந்தைக்கு இரண்டிலும் பங்கில்லை. அவ்வாறே 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. இரு அரசுகள் எழுதிய முடிவு அது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலைத் தாக்கியபோது, அந்த ஒப்பந்தத்தைக் கேட்டறியாத பிள்ளைகளும் அதன் விளைவைத் தாங்க நேர்ந்தது.

ஜங்லிகாட்டில் வாழும் நம்மை யாரும் விலங்கிட்டுக் கொணரவில்லை. துறைமுக வேலைக்கும், கட்டட வேலைக்கும், மீன்பிடித் தொழிலுக்கும், அரசுப் பணிக்கும் நாமோ நம் பெற்றோரோ சென்னையிலிருந்து கப்பலேறி, மூன்று நாள் அலைப்பட்டு வந்து சேர்ந்தோம். நம் பிள்ளைகளுக்கு நாம் ஏறிய துறை தெரியாது. அவர்கள் பிறந்ததே இங்குதான். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்னும் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாறியபோது, அது நமக்கு வந்துசேர்ந்த ஊரின் பெயர். அவர்களுக்கோ பிறந்த ஊரின் பெயர்.

அவர்களுக்கு நாம் பட்டுள்ள முதற்கடன் உண்மை. சொந்த ஊரை நாம் பொன்னுலகமாகவே வருணிக்கிறோம். கோயில் திருவிழாவைச் சொல்கிறோம். ஊரைவிட்டு வரச்செய்த கடனையும், மழை பொய்த்த ஆண்டுகளையும், ஊர்க்கிணற்றில் நீர் மொள்ள விடாத சாதிக் கொடுமையையும் சொல்வதில்லை. நாம் வருமுன்னரே இத்தீவுகளில் தொன்மையான மக்கள் வாழ்ந்து வந்தனர் என்பதையும், குடியேறியோரால் அவர்கள் அருகிப்போயினர் என்பதையும் சொல்வதில்லை. பிள்ளைகள் மனம் வருந்துமே என்பது நாம் கூறும் காரணம். அமைதிக்காகவே மறைத்தேன் என்ற அந்தக் கப்பல் தலைவனும் இதைத்தானே சொன்னான்?

இரண்டாவது கடன், உரிய காலத்தில் சுக்கானைக் கைமாற்றுவது. ஓய்வுபெற்றதும் மெயின்லேண்டில் வீடு கட்டிக் குடியேறுவோம் என்று நாம் தீர்மானித்திருக்கலாம். தீவே என் ஊர் என்று மகன் சொன்னால் அது நன்றிகெட்ட செயலன்று. கடல் கடந்து படிக்கச் சென்ற மகள் அங்கேயே தங்கிவிட்டால் அதுவும் துரோகமன்று. தந்தையின் கடமை மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது என்றார் வள்ளுவர். எந்த அவை என்பதைத் தந்தையே முடிவுசெய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஆற்று வெள்ளத்தில் செல்லும் தெப்பத்தைப் போன்றது உயிர் என்றார் கணியன் பூங்குன்றனார். பெருமையும் சிறுமையும் பாராத அந்தத் தெளிவு நமக்கு ஆறுதல் தருவது. ஆயினும் தெப்பத்தில் தானாக ஏறியவன் ஊழைச் சொல்லி ஆறலாம். பிறரை ஏற்றியவன் ஊழைச் சொல்லித் தப்ப முடியாது. எந்தத் துறையில் ஏறினோம், ஏன் ஏறினோம், இப்போது எங்கே நிற்கிறோம் என்பதை அவன் சொல்லியாக வேண்டும்.

உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப்போகவும் கூடும். அந்த இழப்பு சிறிதன்று. அதை மறைத்துப் பேசுவதும் ஒரு பொய்யே ஆகும். ஆனால் அறிந்தபின் நம்மோடு இருப்பவரே நம் உறவினர். அறியாமல் இருப்பவர் நம் பயணிகள் மட்டுமே. ஆகவே, அடுத்த முறை பிள்ளையின் கையில் விண்கலக் கதை ஒன்றைக் கண்டால் பறிக்காதிருப்போம். அதில் வரும் கப்பல் எங்கே போகிறது என்று கேட்போம். பின்னர் நம் கப்பலின் கதையை, குறையாமல் கூட்டாமல், நாமும் சொல்வோம்.