மதிப்புரையும் மனச்சான்றும்

மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு ஞாயிறு மாலையில் நூல் வெளியீட்டு விழா நடைபெறுகிறது என்று கொள்வோம். பொன்னாடைகள் போர்த்தியாயிற்று. முதற்படியைப் பெற்றுக்கொண்டவர் உறையிலிட்ட தொகையைக் கொடுத்தாயிற்று. இனி ஒருவர் எழுந்து நூலைப் பற்றிப் பேச வேண்டும். நூலாசிரியரோ பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கெழுதி, மின்தொடர் வண்டியில் நின்றபடியே கவிதைகளை மனத்திற்குள் கோத்து, வைப்பு நிதியிலிருந்து கடன் பெற்று அந்நூலை அச்சிட்டவர். முன்வரிசையில் அவர் துணைவியாரும் மக்களும் அமர்ந்திருக்கின்றனர். ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட தாயாரும் இருக்கின்றார். பேச எழுந்தவருக்கு நூல் பிடிக்கவில்லை. அவர் என் செய்வது?

இவ்வினாவை எளிதென்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. நாமே அவ்விடத்தில் நின்றிருக்கிறோம் என்பதே காரணம். பல ஆண்டுகளுக்கு முன், தாராவியில் வாழும் நண்பர் ஒருவர் தம் முதற் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். ஒரு மலருக்காக அதன் மதிப்புரையை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அறுபது கவிதைகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவை பாவேந்தரின் குரலை இரவல் வாங்கிப் பாடியவை. எஞ்சிய ஐந்தாறு அவருடைய தந்தையார் தோல் பதனிடும் தொட்டியில் நின்று உழைத்த நாட்களைப் பற்றியவை. அவற்றில் சுண்ணாம்பின் காரமும் ஈரத்தோலின் நெடியும் இருந்தன. அவற்றை வேறொருவர் எழுதியிருக்க முடியாது. நாம் எழுதியதோ, சொற்சுவையும் பொருட்சுவையும் ததும்பும் நூல், ஒவ்வொரு தமிழ் இல்லத்திலும் இருக்கத்தக்கது என்பதாக முடிந்தது. நண்பர் அப்பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தம் வீட்டுச் சுவரில் மாட்டினார்.

பத்தாண்டுகள் சென்றன. அவருடைய மூன்றாம் தொகுதியைச் சென்னைச் சிற்றிதழ் ஒன்று நான்கே வரிகளில் தள்ளிவிட்டது. அன்றிரவு அவர் நம் இல்லத்திற்கு வந்தார். அவ்விதழைப் பற்றி ஒரு சொல்லும் குறை கூறவில்லை. "அண்ணாச்சி, இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றோம். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நாம் பொய் சொன்னோம் என்பது மட்டும் அன்று நம்மை உறுத்தவில்லை. அறுபதையும் ஒன்றுபோலப் புகழ்ந்ததனால், உண்மையிலேயே புகழத்தக்க அந்த ஐந்தையும் அவர் அறியாதபடி செய்துவிட்டோம். அடுத்த இரு தொகுதிகளிலும் தோல் தொட்டி இல்லை; இரவல் குரல் மட்டுமே வளர்ந்திருந்தது. தெருவில் வழி கேட்பவனுக்கு மனம் நோகாதிருக்கட்டும் என்று எதிர்த்திசையைக் காட்டியவர் செயலுக்கும் நம் செயலுக்கும் வேறுபாடு காண முடியவில்லை.

மதிப்புரை என்னும் சொல்லிலேயே ஒரு சிக்கல் உள்ளது. மதிப்பு என்பது மரியாதையையும் குறிக்கும். ஒரு பொருள் எவ்வளவு பெறும் என்னும் கணிப்பையும் குறிக்கும். நாம் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டோம். நம் முன்னோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. தன்னைத் தானே புகழ்வது நூலாசிரியனுக்குத் தகாது என்ற நன்னூலார், சிறப்புப் பாயிரம் உரைக்கும் உரிமையை அவனுடைய ஆசிரியன், உடன் பயின்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருக்கு அளித்தார். அனைவரும் வேண்டியவர்கள்! ஆகவே அவர்கள் வாயினின்று புகழே வரும் என்பதைக் கேட்போரும் அறிவர். அதே நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்து, அவற்றைத் தனியே வைத்தார். இன்றைய அணிந்துரை அந்தப் பாயிரத்தின் வழிவந்தது. அதில் குறை தேடுவது முறையன்று. அணிந்துரையை எழுதி அதற்கு மதிப்புரை என்று பெயர் சூட்டுவதே பிழை. இதழ்கள் மதிப்புரைக்கு இரு படிகள் கேட்பதும், ஒரு படி அனுப்பியவர் நூலை 'வரப்பெற்றோம்' பட்டியலில் போட்டுவிடுவதும் நாம் அறிந்ததே. இரண்டு படி அனுப்பியவர் புகழையும் விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார் போலும்!

புதுமைப்பித்தன் விமரிசனச் சண்டையில் இறங்கியபோது சூட்டிக்கொண்ட புனைபெயர்களுள் ஒன்று 'ரசமட்டம்'. கட்டட வேலை செய்யும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கொத்தனார் அதனைச் சுவரின்மேல் வைக்கிறார். உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா, ஒதுங்கி நிற்கிறதா என்று பார்க்கிறார். அதற்குக் கொத்தனார்மீது பகையும் இல்லை, பரிவும் இல்லை. ஆயினும் அது சுவர் எழுப்பாது. விமரிசகர் பலர் மறந்துவிடும் செய்தி இதுவே. தவிரவும், கருவி சாய்ந்திருந்தால் நேரான சுவரும் கோணலாகத் தோன்றும்.

இங்கே நக்கீரர் நினைவுக்கு வருகிறார். 1965-ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் ஏ.பி. நாகராசன் நக்கீரராகவே நின்று இறைவனோடு வாதிட்டதைக் கண்டு கைதட்டாத தமிழர் இலர். ஆயின் இருவரை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவர் தருமி. நக்கீரரின் நேர்மை முதலில் விழுந்தது இறைவன் தலையில் அன்று. பொற்கிழிக்காகக் காத்து நின்ற அந்த ஏழையின் தலையில்தான். மற்றொன்று அந்தப் பாட்டு. குற்றமுடையது என்று தள்ளப்பட்டதாகப் புராணம் கூறும் பாட்டு, குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக இறையனார் பெயரில் இன்றும் நிற்கிறது; நாம் உருகிப் படிக்கிறோம். எனவே தீர்ப்பில் வென்றது கவிதை. ஆனாலும் நக்கீரரைத் தமிழுலகம் கைவிடவில்லை. அவர் தம் கருத்தை ஒளிக்காமல் சொன்னார், காரணத்தையும் சொன்னார் என்பதே அவருக்குப் போதுமான பெருமையாயிற்று. விமரிசகன் பிழைபடலாம், மறைக்கலாகாது.

கடுமையே நேர்மை என்று எண்ணுவோரும் உளர். மேற்சொன்ன நான்கு வரிகளை எழுதிய இதழ் தோல் தொட்டிக் கவிதைகளைத் தேடிப் பார்த்ததா? பார்க்கவில்லை. அதுவும் படிக்காமல் எழுதியதே. நாம் படித்தும் மறைத்தோம். சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது விமரிசனத்தையே முதன்மையாகக் கருதினார். அங்கே ஒருவர் கருத்தை மற்றவர் அடுத்த இதழிலேயே மறுத்தெழுத இடமிருந்தது. க.நா. சுப்ரமணியமோ நல்ல நூல்களின் பட்டியல் போட்டுக்கொண்டேயிருந்தார், விடுபட்டவர்கள் சினந்தார்கள். எனினும் 'படித்திருக்கிறீர்களா?' என்று அவர் தலைப்பிட்டுக் கேட்ட கேள்வியில் அதிகாரம் இல்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் நூலை நீட்டும் அன்பு இருந்தது. அவ்விருவரும் பணம் ஈட்டவில்லை, பகையை நிறைய ஈட்டினர்.

திரைப்படத்திற்கு வருவோம். மாதுங்கா அரோரா திரையரங்கில் தமிழ்ப்படம் பார்ப்பது ஒரு காலத்தில் நம் குடும்பங்களுக்குத் திருவிழாவாக இருந்தது. படம் முடிந்து வெளியே வரும்போதே விமரிசனம் தொடங்கிவிடும். 1987 தீபாவளிக்கு வெளிவந்த மணிரத்தினத்தின் 'நாயகன்' நம் வாழ்விடத்தையே கதைக்களமாகக் கொண்டது. சென்னைப் படப்பிடிப்புத் தளத்தில் தோட்டா தரணி எழுப்பிய தாராவிக்குத் தேசிய விருது கிடைத்தது. 2005-இல் அமெரிக்காவின் டைம் இதழ் விமரிசகர் இருவர் தொகுத்த நூறு சிறந்த படங்களின் பட்டியலில் இப்படமும் இடம்பெற்றது. தாராவியில் நாற்பது ஆண்டு வாழ்ந்த எம் உறவினர் ஒருவர் படம் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு: "எல்லாம் சரிதான். ஆனா, படத்துல மழை மேலிருந்து பெய்யுது. நம்ம வீட்டுல கீழிருந்துல்லா வருது."

சாக்கடை நீர் வாசற்படியேறும் ஆடி மாதத்தை அறிந்தவர்க்கே அந்த வாக்கியம் கைவரும். நியூயார்க் விமரிசகர் திரைக்கலையை அறிந்தவர். எம் உறவினர் சேற்றை அறிந்தவர். இவருள் யார் சரி என்று கேட்பதில் பயனில்லை. தாம் எங்கு நின்று பார்க்கிறோம் என்பதை இருவரும் மறைக்கவில்லை. கதையை முக்காற்பக்கம் சொல்லி, நடிகர் பெயரை வரிசைப்படுத்தி, ஒளிப்பதிவு அருமை என்று முடிப்பவர் எங்கு நிற்கிறார் என்பது தெரிவதேயில்லை.

மும்பைத் தமிழர் அப்படத்தைப் பற்றி எழுதியிருக்க வேண்டியது இன்னும் உண்டு. கதைக்கு வித்தான வரதராச முதலியார் 1988-இன் தொடக்கத்தில் மறைந்தார். மாதுங்கா ரயில் நிலையத்தருகே அவர் நடத்திய பிள்ளையார் சதுர்த்திப் பந்தலை நினைவு வைத்திருப்போர் நம்மிடையே இருக்கின்றனர். அவரால் உதவி பெற்ற வீடுகள் உண்டு. அவர் ஆட்களுக்கு அஞ்சிய வீடுகளும் உண்டு. படத்தின் இறுதியில் பேரக்குழந்தை தாத்தாவிடம் நல்லவரா கெட்டவரா என்று வினவ, தமக்கே தெரியவில்லை என்கிறார் அவர். தமிழ்நாட்டுப் பார்வையாளர்க்கு அவ்விடை கண்ணீரை வரவழைத்தது. அஞ்சி வாழ்ந்த வீட்டார்க்கு அவ்விடை போதுமா? இதனை நாம் எழுதாவிடில் வேறெவர் எழுதுவர்? 2018-இல் ரஞ்சித்தின் 'காலா' அதே தாராவிக்கு வந்தபோது வினா நிலத்தைப் பற்றியதாக மாறியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கட்டுரை ஒன்றை நம் மலர்களில் காண ஆவல் கொண்டுள்ளோம்.

விழா மேடைக்குத் திரும்புவோம். தாயார் முன்னிலையில் நூலைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. அறுபதில் ஐந்து நன்று என்றால், அந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு, அவை ஏன் நன்று என்று கால்மணி நேரம் பேசலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யாகாது. எஞ்சியவற்றைப் பற்றி மறுநாள் நூலாசிரியரிடம் தனித்துச் சொல்லலாம். அச்சில் எழுதுவோர்க்கு இந்தச் சலுகையும் இல்லை. நூலை விலை கொடுத்து வாங்கப்போகும் ஒருவர் அந்தப் பக்கத்தை நம்பியிருக்கிறார். அவருக்கு நாம் உறவினர் அல்லோம், எனினும் கடன்பட்டிருக்கிறோம்.

சென்ற மாதம் அந்த நண்பர் மீண்டும் வந்தார். கையில் ஒரு கட்டுத் தாள், இன்னும் அச்சேறாதது. மேலே ஒரு பென்சிலையும் வைத்துக் கொடுத்தார். தந்தையாரின் தொட்டி மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. பதினேழாம் பக்கத்தில் பழைய இரவல் குரல் தலைகாட்டியது, ஓரத்தில் கோடிட்டோம். ஞாயிறன்று அவர் வருவார். இன்னும் இருபத்தெட்டுப் பக்கங்கள் இருக்கின்றன.