காட்டில் மறைந்திருந்த புதையல்



நிலத்தில் மறைந்துகிடந்த ஒரு புதையலைக் கண்ட மனிதன், தனக்குண்டானதை எல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்கினான் என்று நமது திவ்விய இரட்சகர் ஓர் உவமை சொன்னார். அவனுக்கு முன்னே எத்தனை பேர் அந்த நிலத்தின்மேல் நடந்திருப்பார்கள்! எத்தனை பேர் அதை உழுதிருப்பார்கள்! காலடியில் கிடந்ததை ஒருவரும் அறியவில்லை. உவமையின் முதற்பொருள் மோட்ச இராச்சியமே. ஆயினும், சர்வேசுரன் தாம் சிருஷ்டித்த பூமியிலும் புதையல்களை வைத்திருக்கிறார் என்பதைக் காட்ட, நடந்த ஒரு காரியத்தை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன். பொழுதுபோக்குக்காக அல்ல. நமது பங்கிலே ஒரு வியாதியின் பெயரை வாயினால் சொல்லவும் அஞ்சி, கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்காகவே சொல்லுகிறேன்.

அமெரிக்க தேசத்தின் மேற்குப் பாகத்தில், வாஷிங்டன் மாநிலத்திலே, கிபோர்டு பின்ஷோ தேசிய வனம் என்று ஒரு பெரிய மலைக்காடு உண்டு. அங்கே வானத்தை எட்டும் மரங்களின் நிழலில் யூ என்னும் சிறிய மரம் வளருகிறது. எத்தனை வருஷம் நின்றாலும் அதிகம் பருக்காது. அதன் இலையும் விஷம், விதையும் விஷம். மரம் வெட்டுகிறவர்கள் பெரிய மரங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போன பிறகு, இதைக் கழிவோடு கழிவாகக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். அவ்வளவுதான் அதற்கு மதிப்பு.

அக்காலத்தில் புற்றுநோய்க்கு மருந்து தேடி, செடிகொடிகளைச் சோதிக்கும் பெரிய வேலையை அமெரிக்க அரசாங்கம் தொடங்கியிருந்தது. 1960-ம் ஆண்டு முதல் 1981 வரை ஆயிரக்கணக்கான தாவர இனங்கள் இவ்விதம் சோதிக்கப்பட்டன. அந்த வேலையாக 1962-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஆர்தர் பார்க்லே என்னும் தாவர சாஸ்திரி, மாணவர் சிலரோடு மேற்படி காட்டுக்குப் போனார். அவர் சேகரித்த பற்பல செடிகளோடு யூ மரத்தின் பட்டையும் மூட்டைகட்டி அனுப்பப்பட்டது.

வட கரோலினாவிலே மன்ரோ வால் என்பவரும், நமது இந்திய தேசத்தில் பிறந்த மன்சுக் வாணி என்பவரும் அந்தப் பட்டையை ஆராய்ந்தார்கள். 12 கிலோ பட்டையைச் சாறெடுத்து, வடித்து, பிரித்து, மறுபடியும் பிரித்துக் கடைசியில் அவர்கள் கண்ட மருந்துச் சத்து சுமார் அரை கிராம்! அதற்கு டாக்சால் என்று பெயரிட்டு, அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்டார்கள். 1979-ல் நியூயார்க்கிலே சூசன் ஹார்விட்ஸ் என்னும் அம்மையார், அது வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்தார். நமது உடலின் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதற்குள்ளே நுண்ணிய குழல்கள் உண்டாகிப் பின்பு கரைய வேண்டும். டாக்சால் அந்தக் குழல்களைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகிறது. அப்போது அடங்காமல் பெருகும் புற்றணு, பிரிய முடியாமல் செத்துப்போகிறது.

இன்னொரு சங்கடமும் வந்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரே நோயாளிக்குச் சில மரங்கள் வேண்டியிருந்தன. ஓர் உயிரைக் காக்கக் காட்டையே அழிப்பதா? அப்போது பிரான்சு தேசத்தில் பியேர் பொத்தியே என்பவரும், அமெரிக்காவில் ராபர்ட் ஹோல்டன் என்பவரும், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு யூ மரத்தின் இலையிலிருந்து மருந்தைச் செய்ய வழி கண்டார்கள். இலையைப் பறித்தால் மரம் மறுபடியும் துளிர்க்கும் அன்றோ! 1992-ம் ஆண்டு டிசம்பரிலே, பெண்களின் சூலகப் புற்றுநோய்க்கு அந்த மருந்து அங்கீகரிக்கப்பட்டது. பிறகு மார்புப் புற்றுநோய்க்கும் அது வந்தது. காட்டிலே பட்டையை உரித்த நாள் முதல் சுமார் 30 வருஷம்!

இங்கே உங்களில் யாராவது, "சுவாமி, அந்த 30 வருஷத்தில் செத்துப்போன தாய்மார் என்ன பாவம் செய்தார்கள்? மருந்தைப் படைத்த ஆண்டவர் அதை ஏன் ஒளித்து வைத்தார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குச் சுலபமான பதில் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று சேசுநாதர் தெளிவாகச் சொன்னார். ஆகையால் வியாதியைத் தண்டனை என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. ஒன்றுமட்டும் நான் அறிவேன். சர்வேசுரன் மனிதனுக்குச் சமைத்த சோற்றைக் கொடுக்கவில்லை. விதையையும் நிலத்தையும் கையையும் கொடுத்தார். மருந்தையும் அவ்வண்ணமே கொடுத்தார். பூமியிலிருந்து மருந்துகளை உண்டாக்கியவர் ஆண்டவரே என்றும், புத்திமான் அவைகளைத் தள்ளமாட்டான் என்றும் சீராக் ஆகமத்தின் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. தேடுகிற வேலையை அவர் நமக்கு வைத்தார். காட்டிலே பட்டையை உரித்த அந்த மனிதர், பிற்காலத்தில் அதனால் பிழைக்கப்போகிற தாயின் முகத்தைக் கண்டதில்லை. முகம் தெரியாத அயலானுக்காக உழைப்பதும் பிறர்சிநேகமே.

தூரதேசத்துக் காடு நமக்கெதற்கு என்று நினைக்கவேண்டாம். நமது கல்லறைத் தோட்டங்களில் தானே முளைத்துப் பூக்கிற நித்தியகல்யாணியை அறியாதவர் யார்? சுடுகாட்டு மல்லி என்று சொல்லி நம் ஜனங்கள் வீட்டில் வைக்கவும் தயங்குகிற பூ அது. ஜமைக்காத் தீவிலே அதன் இலையை நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடித்தார்கள். கனடா தேசத்தில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் அதைச் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. தேடியது ஒன்று, கண்டது வேறொன்று! 1958-ல் அவர்கள் வெளியிட்ட சத்தும், அதே செடியிலிருந்து 1963-ல் வழக்கத்துக்கு வந்த வின்கிரிஸ்டின் என்னும் மருந்தும், மற்ற மருந்துகளோடு சேர்ந்து, புற்றுநோய் கண்ட எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்கவைத்திருக்கின்றன. நமது தென் ஜில்லாக்களிலே அந்தச் செடியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் வெளிதேசங்களுக்கு ஏற்றுமதி செய்து வந்திருக்கிறார்கள். சாவின் பூ என்று நாம் ஒதுக்கியது, பிள்ளைகளுக்கு ஜீவனாயிற்று. ஆகாதென்று தள்ளப்பட்டதையே ஆண்டவர் அஸ்திவாரமாக்குவது அவருடைய பழைய வழக்கமல்லவா? சிலுவை மரமும் அப்படித்தான்.

ஆனால் எச்சரிக்கை! இதைக் கேட்டுவிட்டு ஒருவரும் நித்தியகல்யாணி இலையைப் பறித்து வீட்டிலே கஷாயம் வைக்கக்கூடாது. அது விஷச்செடி. வைத்தியர் அந்தச் சத்தைப் பிரித்து, நோயாளியின் உடலுக்குத் தக்கபடி நுட்பமாக அளந்து, நரம்பு வழியாய் ஏற்றுகிறார். அளவு தப்பினால் அதுவே கொல்லும். பச்சிலை என்றாலே பயமில்லை என்று சொல்லிப் பணம் பறிக்கிறவர்களின் வாசலில் மாதங்களைப் போக்கிவிட்டு, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது ஐந்தாம் கற்பனைக்கு விரோதமான அசட்டை. ஜெபம் ஒருபுறமும் மருந்து ஒருபுறமும் சண்டைபோடுவதில்லை. இரண்டும் ஒரே தகப்பனின் வீட்டிலிருந்து வருகின்றன.

ஆதலால், பிரியமான குடும்பத்தாரே, மூன்று தீர்மானங்களோடு இன்று வீட்டுக்குப் போங்கள்.

முதலாவது, மறைக்காதேயுங்கள். தாய்மாரே, மார்பிலே ஒரு கட்டி தென்பட்டால், "பெண்ணின் கலியாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும்" என்று ஒத்திப்போடவேண்டாம். வெட்கப்படவும் வேண்டாம். புருஷர்களே, மனைவி சொல்லக் காத்திராமல், நீங்களே கேட்டு அழைத்துப்போங்கள். சீக்கிரத்தில் கண்ட நோய்க்கு மருந்து அதிகம் பலிக்கும்.

இரண்டாவது, ஒதுக்காதேயுங்கள். இது தொற்றும் வியாதியல்ல. மருந்தினால் தலைமயிர் உதிர்ந்த சகோதரி கோவிலுக்கு வந்தால், முறைத்துப் பார்க்காமல் பக்கத்தில் இடம் கொடுங்கள். அடுத்த வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவள் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் கஞ்சி கொடுங்கள். எல்லா மருந்தும் எல்லாரையும் பிழைப்பிப்பதில்லை என்பதும் உண்மையே. பிழைக்கிறவருக்கும் போகிறவருக்கும் நம் அன்பு ஒன்றாயிருக்கட்டும். அவஸ்தைப்பூசுதல் என்று முன்னோர் அழைத்த நோயில்பூசுதல் கடைசி மூச்சுக்கு மாத்திரம் உரியதல்ல. நோய் கனமென்று தெரிந்தவுடனே குருவை அழையுங்கள்.

மூன்றாவது, அழிக்காதேயுங்கள். காடு அழிந்தால் பிற்காலத்தில் வியாதியைத் தீர்க்கக்கூடிய இனங்களும் அழிந்துபோகும் என்று பிரான்சிஸ் பாப்பானவர் 2015-ல் எழுதிய திருமடலில் எச்சரித்தார். கழிவென்று கொளுத்தப்பட்ட யூ மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பிறவாத ஒரு பிள்ளையின் மருந்து எந்தப் புதரில் இருக்கிறதோ, யார் அறிவார்?

இன்றிரவு குடும்ப ஜெபமாலையின் முடிவில், நோயாளிகளுக்காகவும், அவர்களுக்காக ஆராய்ச்சிச் சாலைகளிலும் காடுகளிலும் பொறுமையோடு தேடுகிறவர்களுக்காகவும், ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறைந்த மந்திரமும் சொல்லுங்கள். வியாதிக்காரருக்கு ஆரோக்கியமான தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்ளக்கடவார்கள்.

பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே, ஆமென்.