துயரம் தீர்ப்பு எழுதலாமா?

எதிரெதிர் இயல்பினர் காதலுற்றால் தடையாவது எது? யாஸ்மின் அகமது இயக்கத்தில் 2009ஆம் ஆண்டு வெளிவந்த ‘டேலண்டைம்’ என்னும் மலேசியத் திரைப்படம் இவ்வினாவை எழுப்புகிறது. மெலூர் மலாய் முஸ்லிம் குடும்பத்துப் பெண், இனிது பாடுபவள். மகேஷ் செவிப்புலனற்ற இந்து இளைஞன். பாட்டைக் கேட்கவியலாதவன் பாடுபவளை நேசிக்கிறான். அவ்வேறுபாடு அவர்களைப் பிரிக்கவில்லை. தாயின் துயரமே குறுக்கே நிற்கிறது. அவருடைய உடன்பிறந்தவர், மணவேளையில் அண்டை வீட்டு முஸ்லிம்களுடன் மூண்ட பூசலில் உயிரிழந்தவர்.

அத்தாயை வெறுப்பு மிக்கவர் என ஒதுக்குதல் அறமாகாது. இந்நாட்டில் முஸ்லிமை மணப்பவர் இஸ்லாத்தைத் தழுவியாக வேண்டும். உடன்பிறந்தவரை இழந்தவர், மகனையும் இழப்போமோ என அஞ்சுதல் இயல்பே. ஆயினும், அக்கொலையில் மெலூருக்குப் பங்கேது? ஒரு மாணவன் செய்த பிழைக்கு வகுப்பு முழுவதையும் தண்டிக்கும் ஆசிரியரை நேர்மையாளர் என்போமா?

செராசில் நாம் பல இனத்தாரோடு சுவரொட்டி வாழ்கிறோம். எவ்வீட்டிலும் ஒரு பழங்காயம் இருக்கக்கூடும். துயரம் மதிக்கத்தக்கது, அருகமர்ந்து ஆற்றத்தக்கது. ஆனால், குற்றமற்றவர்மீது தீர்ப்பு எழுதும் எழுதுகோலை மட்டும் அதன் கையில் கொடுத்தலாகாது.